பங்குனியில் ஏற்றிய கார்த்திகை தீபம்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலைமேல் நெருப்பைக் கண்டால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். வாய் தானாக ‘அரோகரா’ என்று சொல்லிவிடும். மூளைக்கு விஷயம் போய்ச் சேர்வது அதற்குப் பிறகுதான். கார்த்திகை தீபத்தன்று இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மற்ற நாட்களில் கொஞ்சம் உண்டு.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. அன்று நடந்த கூத்துக்கு நான்தான் காரணம் என்று என் புருஷன் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், தெருவே சொல்கிறது. நான் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. இதை எழுதி முடிக்கும்போதும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. மன்னிப்பை எதிர்பார்த்துப் படிக்க வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில். வீட்டுக்கு முன்னால் கிரிவலப் பாதை. பாதையைத் தாண்டினால் காப்புக்காடு, அதற்கு மேல் மலை. எங்கள் மாடு தின்னும் புல் அங்கிருந்துதான் வருகிறது. ஊர் ஆடுகள் தண்ணீர் குடிப்பது அங்கே இருக்கும் சுனையில். கோடையில் யாராவது ஒரு புண்ணியவான் பீடியை அணைக்காமல் போட்டுவிட்டுப் போவான், புல் பற்றிக்கொள்ளும். உடனே தெருவே பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடும். அடித்து அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடரும். இதற்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பிறகு கிராம வனக்குழு என்று ஒன்று வந்தது. காட்டைப் பாதுகாப்பதில் வனத்துறையோடு ஊர்க்காரர்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. கூட்டத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவள் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் என் குரல். நான் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் சுனைக்கரையில் இருக்கிற ஆடு திரும்பிப் பார்க்கும். (பெண் பார்க்க வந்தபோது நான் வாயே திறக்கவில்லை என்று மாமியாருக்கு இன்றும் குறை. திறந்திருந்தால் விஷயம் தெரிந்திருக்குமாம்.)

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது ஒரு பேச்சு கிளம்பியது. அடிவாரம் முழுக்கக் கம்பிவேலி போடப் போகிறார்கள், உள்ளே யாரும் போக முடியாது, ஜனங்கள் நுழைவதால்தான் தீ பிடிக்கிறது என்று. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பற்ற வைக்கிறவனும் ஜனம், அணைக்கிறவளும் ஜனம். இரண்டு பேரையும் ஒரே வேலிக்கு வெளியே நிறுத்தினால் உள்ளே தீயை அடிக்க யார் இருப்பார்கள், மயிலா?

எங்கள் பகுதி ரேஞ்சர் நல்ல மனிதர். அவர்தான் வழி சொன்னார்.

“சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்க்க வர்றார்மா. உங்க குழு நெஜமாவே வேலை செய்யுதுன்னு அவர் கண்ணால பார்த்தார்னா, வேலி விஷயத்துல உங்க பேச்சு எடுபடும். சால்வை போத்தி அனுப்புனா ஒண்ணும் நடக்காது.”

“ஒத்திகை காட்டிடலாங்க சார்” என்றேன். “மலையில நெருப்பு வெச்சு, எப்படி அணைக்கிறோம்னு காட்டிடலாம்.”

ரேஞ்சர் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் நகர்ந்தது. “காட்டுல நெருப்பா? என் வேலை போயிடும்மா.”

“காட்டுல இல்லீங்க. மொட்டைப் பாறை மேல. அதுவும் பாத்திரத்துக்குள்ள.”

இங்கிருந்து நான் எடுத்த முடிவுகளை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள். மலையின் பாதி உயரத்தில் ஒரு பாறை உண்டு. சுற்றிலும் ஒரு புல்கூட முளைக்காது. ஆகவே பாதுகாப்பு. நெருப்பு சிதறாமல் இருக்க, எங்கள் வீட்டு விசேஷங்களுக்குச் சாம்பார் வைக்கும் பெரிய அண்டா. இன்னும் பாதுகாப்பு. வைக்கோல் பறந்துவிடும் என்பதால் மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் திரித்து அதற்குள் வைத்தேன். நெருப்பு நின்று எரிய, ருக்மணி அக்காவின் பஜ்ஜிக் கடையிலிருந்து பழைய எண்ணெய். (ருக்மணி அக்கா குழுவில் உறுப்பினர். கிரிவலப் பாதையில் கடை, வீட்டில் ஆடுகள், இரண்டையும் ஒரே அதட்டலில் நடத்துபவர்.)

மலை மேல் அண்டா. அண்டாவுக்குள் வெள்ளைத் துணித் திரி. அதன்மேல் எண்ணெய். இப்போது உங்களுக்குப் புரிந்துவிட்டது, தெரியும். எனக்குப் புரியவில்லை. ரேஞ்சருக்கும் புரியவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் புரியவில்லை. தீபத்துக்கு வைப்பது செம்புக் கொப்பரை, ஊற்றுவது நெய், ஏற்றுவது உச்சியில். நாங்கள் வைத்தது சாம்பார் அண்டா. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

நாளைக் குறித்தது அதிகாரி. பங்குனி பௌர்ணமி அன்று வருகிறேன், வேலையை முடித்துவிட்டு அப்படியே கிரிவலமும் போய்விடலாம் என்றாராம். பௌர்ணமிக்கு எங்கள் ஊர்ப் பாதையில் காலை வைக்க இடம் இருக்காது. நான் என்ன செய்யட்டும், நிலாவைத் தள்ளிப்போடச் சொல்லவா?

ஒத்திகைக்கு ஒத்திகையும் பார்த்தோம், நெருப்பில்லாமல். நான் விசில் ஊதினால் பெண்கள் தழையோடு வர வேண்டும், ஆண்கள் குடத்தோடு வர வேண்டும். பிரமாதமாக வந்தார்கள். வரவேற்புக்காகக் கட்டியிருந்த மைக்கில் நான் “தீ பிடிச்சிருக்கு, எல்லாரும் வாங்க” என்று அறிவிப்பதாகவும் ஏற்பாடு. பற்ற வைக்கும் வேலை என் புருஷன் சேகருக்கு. துணைக்கு வனத்துறை வாட்சர் ஒருவர். பக்கத்திலேயே குடங்களில் தண்ணீரும் மணலும். நான் மிஸ்டு கால் கொடுத்தால் பற்ற வைக்க வேண்டும்.

“நாலு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும் இல்ல?” என்று அவர் கேட்டார்.

“மூணரைக்கே கீழ வந்து காபி குடிப்பீங்க” என்றேன்.

அதிகாரியின் ஜீப் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. மூன்று மணிக்கு வர வேண்டியவர் வந்து சேர்ந்தபோது வெயில் போய்விட்டது. மாலை போட்டோம், தண்ணீர் கொடுத்தோம், ரேஞ்சர் இரண்டு வார்த்தை பேசினார். நான் ஒரு கையில் மைக்கும் கழுத்தில் விசிலுமாக மிஸ்டு கால் கொடுத்தேன்.

அப்போது மணி ஆறு. கார்த்திகையில் உச்சியில் தீபம் ஏற்றுகிற அதே நேரம். இதுவும் என் தப்பாம்.

மங்கிய வெளிச்சத்தில், பாறைமேல், சாம்பார் அண்டாவிலிருந்து ஒரு சுடர் எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகு. காற்றே இல்லை. நேராக எழுந்து நின்று எரிந்தது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். “தீ பிடிச்சிருக்கு” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அண்ணாமலையாருக்கு அரோகரா!”

என் குரல்தான். ஒலிபெருக்கி வழியாக. மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது.

அவ்வளவுதான். கிரிவலப் பாதையே நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கைகள் மேலே போயின. “அரோகரா” என்ற சத்தம் பாதையில் ஒரு பக்கமாகக் கிளம்பி வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தழையோடு தயாராக நின்ற எங்கள் குழுப் பெண்கள் தழையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குடத்தோடு நின்ற ஆண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். மாமியார் அழுதுகொண்டிருந்தார். அவருடைய அண்டாதான் அது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் அழுதார்.

அதிகாரி ஷூவைக் கழற்றினார். அதோடு நிற்கவில்லை, சாக்ஸையும் கழற்றினார். கண்ணை மூடி நின்றார். (இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். பின்னால் உதவியது.)

ரேஞ்சர் கூப்பிய கையைப் பிரிக்காமலே என் பக்கம் சாய்ந்தார். “ஏம்மா, ஒத்திகை?”

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. பதறிப்போய் விசிலை ஊதினேன். தீபத்தன்று கூட்டத்தை நகர்த்தப் போலீஸ்காரர்கள் விசில் ஊதுவார்கள். ஆகவே ஜனங்கள் ஒழுங்காக வரிசையில் நின்று நகர ஆரம்பித்தார்கள். இன்னும் பலமாக ஊதினேன். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. ஒருத்தர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது என் காதிலேயே விழுந்தது. “தானா ஏத்திக்கிச்சாம். ஒரு சித்தர் நிக்கிறாராம் பாருங்க, பக்கத்துல.”

பார்த்தேன். சுடருக்குப் பக்கத்தில் சேகர் நின்றிருந்தார். மதியத்திலிருந்து பாறைச் சூட்டில் காத்திருந்ததில் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தார். இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி. கீழே இத்தனை ஜனம் தன்னைப் பார்த்துக் கும்பிடுவதைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் திரும்பக் கும்பிட்டார். கூட்டம் அலறியது. பயந்துபோய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். “மறைஞ்சிட்டாரு” என்று ஒரு அம்மா மயங்கியே விழுந்தார்.

மேலே எரிந்த எண்ணெயிலிருந்து மிளகாய் பஜ்ஜி வாசனை இறங்கி வந்தது. அதையும் தெய்வ மணம் என்று ஒருவர் ஆழமாக இழுத்தார். என் போன் அடித்தது. டவுனிலிருந்து என் அம்மா. “அங்க சித்தர் வந்திருக்காராமே, உங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கினு போய்ப் பாருடி” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதிகாரி கண்ணைத் திறந்தார். காலடியில் ஷூ இல்லை. கூட்டத்தின் காலில் பட்டு எங்கேயோ போய்விட்டது. அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது: எதற்காக வந்தோம், எதைப் பார்த்தோம், என்ன செய்தோம் என்று. முகம் சிவந்துவிட்டது.

“இதுதான் உங்க தீத்தடுப்பாம்மா? தீயைப் பார்த்தாக் கும்புடுற ஜனங்களை நம்பி எப்படிக் காட்டை விடுறது? நான் போய் என்னன்னு சொல்றது?”

நியாயமான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டு, தப்பு நடந்துவிட்டது சார் என்று சொல்லியிருக்கலாம். ரேஞ்சர் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. வருஷாவருஷம் கை கொப்புளிக்க அடித்து அணைத்தவர்கள் இந்தப் பெண்கள். ஒரு கும்பிடு போட்டதற்காக அவர்களை வேலிக்கு வெளியே தள்ளுவாரா?

“கையில சாக்ஸை வெச்சுக்கினு நீங்க இதைக் கேக்கலாமா சார்?” என்றேன்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அணைக்கவில்லை. ‘கேக்கலாமா சார்’ என்பது மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பாதையில் போனவர்கள் எல்லாம் திரும்பி அவர் கையைப் பார்த்தார்கள். ரேஞ்சர் பக்கத்திலிருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் புல்லும் சுனையும் போய்விட்டன என்று அந்த நிமிஷம் நினைத்தேன். வீட்டுக்குப் போய் மாட்டின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுகூட யோசித்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. மலையில் தீபம் தெரிந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பாதையோரமெல்லாம் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒன்று காட்டு ஓரத்தில், காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில். முதலில் பார்த்தது ருக்மணி அக்கா.

“அடியேய், கீழ பத்திக்கிச்சு!”

நான் விசில் ஊதவில்லை. மைக்கில் எதுவும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் நேரமே இல்லை. ருக்மணி அக்கா வாணலியை இறக்கி வைத்துவிட்டு ஓடினார். கண்ணீரோடு நின்ற மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கீழே போட்டிருந்த தழையில் பெரியதாக ஒன்றை எடுத்தார். ஒரு நிமிஷம் முன்பு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த அதே கைகள் புல்லில் விழுந்து விழுந்து அடித்தன. ஆண்கள் குடங்களைக் கைமாற்றிக்கொண்டே வந்தார்கள். நானும் அடித்தேன். புகையில் கண் தெரியவில்லை. தீ மேல் பக்கம் ஏறாமல் வளைத்துவிட்டோம்.

நடுவில் ருக்மணி அக்காவின் குரல் மட்டும் கேட்டது. “யோவ் பேன்ட்டு, வேடிக்கையா பார்க்கிறே? அந்தக் குடத்தை எடு!”

பேன்ட் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தவர் அதிகாரி ஒருவர்தான். குடத்தை எடுத்தார். வெறுங்காலோடு வந்து கொடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடினார். மேலே சேகரும் வாட்சரும் அண்டா நெருப்பின்மேல் மணலைக் கொட்டிவிட்டு இறங்கி வந்து சேர்வதற்குள் இங்கே புகை மட்டும்தான் மிச்சம்.

எல்லோரும் கரி பூசிய முகத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அதிகாரி ருக்மணி அக்காவிடம் வந்தார். இந்தத் தடவை குரலில் சூடு இல்லை.

“ஏம்மா, இதை இவ்வளவு சீக்கிரம் அணைச்சீங்களே. மேல எரிஞ்சப்ப மட்டும் ஏன் யாரும் அசையலை?”

ருக்மணி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மேல எரிஞ்சா சாமிங்க. கீழ எரிஞ்சா நெருப்பு. இது கூடவா தெரியாது?”

அவர் கருகிய புல்லையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரேஞ்சர் பக்கம் திரும்பினார்.

“முழுக்க வேலி போட்டுட்டா, இவங்க எப்படி உள்ள வருவாங்க?”

வாரக்கணக்கில் நாங்கள் தொண்டை கிழியக் கேட்ட கேள்வி. அது அவர் வாயிலிருந்து வந்தது. ரேஞ்சர் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு, “அதைத்தான் சார் அந்தம்மா...” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதிகாரி வெறுங்காலோடுதான் கிரிவலம் போனார். அப்படிப் போவதுதான் முறையும்கூட. அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வேலி வந்தது. வராமல் இல்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு எதிரில் ஒரு கேட் வைத்தார்கள். சாவி குழுவிடம். புல் அறுக்கிற நாட்களையும் ஆடு போகிற வழியையும் குழுவும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறோம். நிறையச் சண்டை போடுகிறோம், பெரும்பாலும் நான். சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. ஒத்திகையும் வருஷாவருஷம் நடக்கிறது, காலையில், நெருப்பில்லாமல். மைக்கை மட்டும் என் கையில் தர மாட்டேன் என்கிறார்கள்.

நஷ்டம் எங்கள் வீட்டுக்குத்தான். தீபம் எரிந்த அண்டாவில் சாம்பார் வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். அது விபூதிப் பட்டையோடு சாமி அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் விசேஷம் என்றால் அண்டா வாடகைக்கு எடுக்கிறோம். எடுக்கும்போதெல்லாம் என் கதை ஒரு தடவை ஓடும். சேகருக்கு அன்றிலிருந்து பெயரே சித்தர். சொந்தக்காரர்கள் போன் செய்தால் “சித்தர் சாப்ட்டாரா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் அம்மாதான் இதில் மோசம். அன்று சித்தரைப் போய்ப் பார்க்கச் சொன்னதும் போனை வைத்துவிட்டேன் என்று இன்னும் கோபம். அது உன் மாப்பிள்ளைதான் அம்மா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “அதெல்லாம் சும்மா” என்கிறார்.

போன பங்குனியில் நிஜமாகவே மேல் சரிவில் தீ பிடித்தது. பட்டப்பகல். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் தெருவே வந்தது. சேகர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

“சித்தரே, தழையை மறந்துட்டுப் போறியே!” என்று மாமியார் கத்துவது கேட்டது.

கேட்டின் முன்னால் நின்று பூட்டில் சாவியை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மலைமேல் நெருப்பு. ஒரே ஒரு நொடி. சாவியோடு சேர்த்துக் கை கூப்பிக்கொண்டது, வாய் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அப்புறம் பூட்டைத் திறந்தேன்.

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.